பிரேக் இல்லாமல் ஒரு பரீட்சை!

குட்டி நண்பர்களே! கோடம்பாக்கம் மேம்பாலத்தில் சைக்கிளில் இறங்கும்போது என்ன செய்வீர்கள்? பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே இறங்குவீர்கள். கிளைடர் விமானத்துக்கும் அப்படி ஒரு பிரேக் உண்டு. அதன் பெயர் ஸ்பாய்லர்.

கிளைடரில் இன்ஜின் கிடையாது. நீண்ட இறக்கைகளால் காற்றில் வழுக்கிக்கொண்டு போகும். ஓடுபாதை வந்தாலும் சுலபத்தில் கீழே இறங்காது. அப்போது விமானி, இறக்கையின் மேல்புறமுள்ள தகடுகளை எழுப்புவார். அவை இறக்கையின் தூக்குவிசையைக் குறைத்து, காற்றின் தடையைக் கூட்டும். கிளைடர் இறங்கும்.

தகடுகள் எழாவிட்டால்? ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தி, வால் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். விமானம் பக்கவாட்டில் சரிந்தபடி போகும். அதன் விலாவில் காற்று மோதும். வேகம் கூடாமலே உயரம் குறையும். இதற்கு 'ஸ்லிப்' என்று பெயர். அமெரிக்காவில் கிளைடர் உரிமத்துக்கான பறக்கும் தேர்வில் இதையும் செய்து காட்டச் சொல்வார்கள்.

'நல்ல பிரேக் இருக்கும்போது இது எதற்கு? மாணவரைத் திணறடிக்கவா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை! அவரைக் காப்பாற்றத்தான் என்பேன்.

1983 ஜூலை 23. கனடாவில் 69 பேருடன் பறந்த போயிங் 767 விமானத்தில் நடுவானில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. காரணம், கிலோவுக்குப் பதில் பவுண்டில் போட்ட தப்புக்கணக்கு! இரண்டு இன்ஜின்களும் நின்றன. வேகத்தைக் குறைக்கும் இறக்கைத் தகடுகளை இயக்கவும் சக்தியில்லை. கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தை நெருங்கியபோது விமானம் அதிக உயரத்தில் இருந்தது. விமானி ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். அவ்வளவு பெரிய விமானத்தையே 'ஸ்லிப்' செய்து இறக்கிவிட்டார். ஒருவர்கூட இறக்கவில்லை!

நம் இஸ்ரோவும் இப்படித்தான் பரீட்சை வைக்கிறது. 2024-ல் கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே, 'புஷ்பக்' என்ற சிறகுள்ள விண்கலத்தை ஹெலிகாப்டரிலிருந்து விடுவித்தார்கள். அது இன்ஜின் இல்லாமல் தானே தரையிறங்க வேண்டும். மார்ச் மாதச் சோதனையில் ஓடுபாதைக்கு நேராக விடாமல் 150 மீட்டர் தள்ளி விட்டார்கள். அதில் வென்ற பிறகு ஜூன் மாதம் 500 மீட்டர் தள்ளி விட்டார்கள். அதிலும் வெற்றி!

ஆகவே, வகுப்பில் ஆசிரியர் கால்குலேட்டரை வாங்கி வைத்துக்கொண்டாலோ, பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கைக் கொடுத்தாலோ முகம் சுளிக்காதீர்கள். உதவி இல்லாத நாளுக்கு உங்களைத் தயார் செய்கிறார்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளைடர் தேர்வுக்கு முன் 'ஸ்லிப்' செய்யப் பலமுறை சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கற்றுத்தராததைத் திடீரென்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைப்பது பயத்தைத்தான் வளர்க்கும். முதலில் பழக்கிவிட்டு, பிறகு கடினமாகக் கேட்பதுதான் நல்ல பரீட்சை.

என்ன நண்பர்களே, சரிதானே? ஆனால் ஒன்று... மேம்பாலத்தில் பிரேக் பிடிக்காமல் மட்டும் பரீட்சித்துப் பார்த்துவிடாதீர்கள்!