பலகையில் மட்டும் மறுவாழ்வா?

1983 கலவரத்தில் வீடு எரிந்து, தாயின் இடுப்பில் தொற்றிக்கொண்டு இராமேசுவரம் கரையேறிய ஈழத்துக் குழந்தைக்கு இன்று நாற்பது வயது தாண்டிவிட்டது. முகாமிலேயே வளர்ந்து, மணமுடித்து, பிள்ளையும் பெற்றாயிற்று. அந்தப் பிள்ளைக்கும் பெயர் அகதி!

பெற்றோரில் ஒருவர் அனுமதியின்றி வந்தவரானாலும், இங்கு பிறந்த பிள்ளை குடிமகன் அல்ல என்கிறது 2003 திருத்தச் சட்டம். 2019 சட்டமோ மூன்று நாடுகளைச் சொல்லி, இலங்கையை விட்டுவிட்டது. 2021-இல் தமிழக அரசு "மறுவாழ்வு முகாம்" என்று பெயரை மாற்றியது. நல்ல சொல்தான், வாழ்வு எங்கே?

நாமும் ஊர்விட்டு வந்தவர்களே. ஆனால் ரயிலேறினால் நமக்கு ஊர் உண்டு, ஓட்டும் உண்டு. அவர்களுக்கு இரண்டும் இல்லை. ஆகவே ஓட்டுக் கேட்டு நம் குடிசைக்கு வரும் கட்சிக்காரரிடம் முதலில் கேளுங்கள்: முகாமில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை எப்போது?