எஸ்கேப் அமுக்கினால் ஏன் ஒரு விநாடி?

மேல் அம்புக்குறியை அமுக்கினால், அமுக்கியது மேல் அம்புக்குறி என்று புரோகிராமுக்குத் தெரிய வேண்டும். கேட்பது இவ்வளவுதான். திரையிலோ ஒரு தொப்பிக்குறி, இரண்டு சதுர அடைப்புக்குறி, ஒரு ஆங்கில ஏ!

டெர்மினலில் மெனு, படிவம் என்று எழுதப் போனால் பெரும்பாலும் என்கர்சஸ் லைப்ரரியிடம்தான் போய் நிற்கிறோம். அதில் 'கீபேட்' வசதியை நாமாக முடுக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் 27, 91, 65 என்று மூன்று எண்கள் தனித்தனியே வந்து விழும். அம்புக்குறியே வேண்டாம் என்று யார் மெனு எழுதுகிறார்கள்? அது ஏன் தொடக்கத்திலேயே இயங்கக் கூடாது?

சரி, முடுக்கியாயிற்று. இப்போது எஸ்கேப் மக்கர் செய்கிறது. அமுக்கி ஒரு விநாடி கழித்துத்தான் மெனு மூடுகிறது. எஸ்கேப்பின் எண்ணும் 27, அம்புக்குறி அனுப்பும் முதல் எண்ணும் 27. பின்னால் வேறேதும் வருகிறதா என்று லைப்ரரி 1000 மில்லிவிநாடி காத்துக் கிடக்கிறது. பைட்டுகள் திக்கித் திக்கி வந்த பழைய மோடம் காலத்துக்கு அது சரி. இன்றைக்கும் அதுவே இயல்பு அளவாக இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. 25 ஆகக் குறைக்கலாம். ஆனால் தொலைதூர சர்வரில் இணைப்பு இழுத்தடித்தால் அம்புக்குறி நடுவிலேயே உடைந்து, எஸ்கேப்பாகவும் உதிரி எழுத்துகளாகவும் வந்து சேரும்.

எந்த விசை என்பதை டெர்மினல் சொல்வதே இல்லை, பைட்டுகளைத்தான் தள்ளிவிடுகிறது. 1978இல் வந்த விடி100 டெர்மினலின் வழக்கம் இன்னும் தொடர்கிறது. டேபும் கண்ட்ரோல்-ஐயும் 9. என்டரும் கண்ட்ரோல்-எம்மும் 13. பேக்ஸ்பேஸ் ஒரு டெர்மினலில் 127, இன்னொன்றில் 8. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க கிட்டி டெர்மினல் ஒரு புது நெறிமுறையைக் கொண்டுவந்தது. நல்ல வேலை. ஆனால் எல்லா டெர்மினலும் அதை ஏற்கவில்லையே!

தமிழில் தட்டுகிறவர் பாடு இன்னும் மோசம். 'கோ' என்று ஓர் எழுத்து தட்டினால் யூடிஎஃப்-8இல் 6 பைட். சாதாரண ஃபங்ஷன் அதை ஆறு எண்களாகப் பிய்த்துக் கொடுக்கிறது. லோகேலை முதலிலேயே அமைத்து, வைடு கேரக்டர் ஃபங்ஷனையும் பயன்படுத்தினால்தான் 'க' ஒன்று, ஓகாரக் குறி ஒன்று என்று இரண்டு யூனிகோடு குறிகளாக வரும். கோமதி தன் பெயரைத் தட்டினால் குப்பை தெரிகிறது என்றால் அவள் கணினியையா குறை சொல்வாள்? தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைப்பாள். லோகேல், வைடு கேரக்டர் ஃபங்ஷன் இரண்டையும், கீபேடையும் சேர்த்து, பாடப்புத்தகத்தின் முதல் எடுத்துக்காட்டிலேயே போட்டுத் தொலைத்தால் என்ன?