முதல் பந்திக்கு வராதவர்கள்



சம்பா அறுவடையோடு தை முகூர்த்தங்களும் வந்துவிட்டன. தஞ்சாவூர்ப் பக்கம் சிலர் மொய்யை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். சொந்தபந்தம் அதைத் தலைக்கனம் என்கிறது. திருவையாறு பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் காரணத்தைச் சொன்னார்: "மண்டபத்துல கக்கூஸ் எங்க இருக்குன்னு தெரியாம பந்தியில உட்கார மாட்டேன் சார்."

மலக்குடல் புற்றுநோயிலிருந்து மீண்டவர் அவர். ஸ்கேனில் ஒன்றுமில்லை, டாக்டருக்குத் திருப்தி. இவருக்கோ காலையில் ஒரு தடவை போய்வந்து வேட்டியை இறுக்குவதற்குள் அடுத்தது. அவசரம் என்றால் அடக்க முடியாது. திருச்சி பஸ்ஸில் ஏறவே யோசிக்கிறார்.

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்தில் உயிர் பிழைப்பதே பெரிய காரியம். இன்று பிழைத்தவர்கள் நிறைய. பிழைத்த பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்றுதான் யாரும் விசாரிப்பதில்லை. மலத்தைச் சேர்த்துவைக்கும் இடமே மலக்குடல்தான். அறுவையில் அதை எடுத்துவிட்டுப் பெருங்குடலைக் கீழே இறக்கித் தைத்தால், சேர்த்துவைக்க இடமேது? கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் தொல்லை இன்னும் கூடும். 'லார்ஸ்' என்று இதற்குப் பெயரே இருக்கிறது. 2012-ல் டென்மார்க் மருத்துவர்கள் ஐந்தே கேள்விகளில் இதை அளக்க வழி செய்தார்கள். காற்றை அடக்க முடிகிறதா, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போகவேண்டியிருக்கிறதா என்கிற மாதிரி, நம் வீட்டில் வாய்விட்டுக் கேட்காத கேள்விகள்.

"உயிரே தப்பிச்சாச்சு, இதைப் போயா கேக்கிறது?" என்று இருந்துவிடாதீர்கள். மலத்தைக் கட்டுப்படுத்த மாத்திரை உண்டு, இடுப்புத் தசைக்குப் பயிற்சி உண்டு. தாம்பத்தியத்தில் சிக்கல் என்றால் அதையும் கேட்கலாம். அறுவையில் நரம்புகள் பாதிக்கப்படுவது டாக்டருக்குத் தெரிந்த சங்கதிதான். சாதமும் வாழைப்பழமும் கொஞ்சம் கெட்டியாக்கும். காபியைக் குறைக்கச் சொல்வார்கள். டிகிரி காபி ஊர்க்காரர்களுக்கு அது தனி தண்டனை!

ஆசனவாயையும் எடுக்க வேண்டிவந்தவர்களுக்கு வயிற்றில் நிரந்தரமாக மலம் சேரும் பை. பை என்றதும் வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்த அவசரத்தோடு அல்லாடுகிறவரைவிட, பை கட்டியவர்களில் சிலர் நிம்மதியாக வெளியூர் போய்வருகிறார்கள். நெல் மூட்டை மட்டும் தூக்கக்கூடாது. பை ஒட்டிய இடத்தருகே குடல் பிதுங்கிவிடலாம்.

வயலில் இறங்குகிறவர்களுக்கு இன்னொன்று. ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தால் சிலருக்குக் கையும் காலும் மரத்துப்போகும். ஊசி முடிந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். மரத்த காலோடு சேற்றில் நின்றால் நத்தை ஓடு கிழித்தது தெரியாது. கரையேறியதும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு வரை பார்த்துவிடுங்கள். சர்க்கரையும் இருந்தால் கட்டாயம்.

இதையெல்லாம் கடந்து வந்த வாசகர்கள் எங்களுக்கு எழுதுங்கள். நடவு நேரத்தில் எப்படிச் சமாளித்தீர்கள், வெயிலில் பை ஒட்டாமல் கழன்றபோது என்ன செய்தீர்கள், வீட்டில் யாரிடம் முதலில் சொன்னீர்கள்? பெயர், ஊர் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்