கடை வாசலில் நிற்பது யார் வண்டி?



சென்னை ஜார்ஜ் டவுனுக்கு ஒரு பொருள் வாங்கச் சென்று, வண்டியை நிறுத்த இடமின்றி மூன்று முறை சுற்றிவிட்டு, வாங்காமலே வீடு திரும்பிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதம், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி என்று தெருவுக்கொரு வாணிபம் செழித்த இடம் அது. மண்ணடியோ நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்துப் பிழைத்துவரும் பகுதி. அத்தெருக்கள் உருவானபோது மோட்டார் வண்டி என்ற ஒன்றே கிடையாது. கைவண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் போதுமென விடப்பட்ட அகலத்தில்தான் இன்று காரும் ஸ்கூட்டரும் சரக்கு வேனும் முட்டிக்கொள்கின்றன. நெரிசலைக் குறைப்பதற்காகக் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. சந்தை போயிற்று, நெரிசல் போகவில்லை.

இடம் போதவில்லை என்று எல்லோரும் சொல்கிறோம். இருக்கிற இடத்தில் நாள் முழுதும் நிற்பது யாருடைய வண்டி என்று கேட்கிறோமா?

இக்கேள்வியை முதலில் கேட்ட ஊர்களுள் ஒன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரம். அங்கே கடைவீதியில் வேலை செய்வோரே காலையில் வந்து தங்கள் கார்களை நிறுத்திவிட்டு மாலையில்தான் எடுப்பார்கள். வாங்க வந்தவர்களுக்கு இடமில்லை, வியாபாரம் படுத்தது. கார்ல் மகீ என்ற பத்திரிகையாசிரியரின் யோசனைப்படி 1935 ஜூலை 16 அன்று வீதியோரத்தில் காசு போடும் இயந்திரம் நிறுவப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து சென்ட். முதலில் வீதியின் ஒரு பக்கத்தில் மட்டுமே வைத்தார்கள். பலனைக் கண்ட எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர்கள், ‘எங்களுக்கும் வேண்டும்’ என்று தாமே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்!

நம் கடைத்தெருவிலும் கடை திறக்கும் நேரத்தில் சற்று நின்று கவனியுங்கள். முதலாளியின் வண்டி கடைக்கு நேர் எதிரே நிற்கும். பணியாளர்களின் வண்டிகள் அதற்குப் பக்கத்தில் வரிசை கட்டும். கடை அடைக்கும் வரை அவை அசைவதில்லை. பத்து மணி நேரம் ஒரே காரை நிறுத்தும் இடத்தில், ஆளுக்கு அரை மணி நேரமென்றால், இருபது வாடிக்கையாளர்கள் வந்து போகலாம். இருபது பேரின் வழியை அடைத்துவிட்டு, ‘வியாபாரமே இல்லை’ என்று நொந்துகொள்வதில் என்ன நியாயம்?

கட்டணம் என்றதும் கடைக்காரர்களுக்கு அச்சம் வருவது இயல்பே. கலிபோர்னியாவின் பசடேனா நகரில் 1993-இல் கட்டணம் கொண்டுவந்தபோதும், வாடிக்கையாளர் ஓடிவிடுவர் என்றே வணிகர்கள் அஞ்சினார்கள். வசூலாகும் பணம் அந்தக் கடைவீதிக்கே செலவிடப்படும் என்று நகராட்சி வாக்களித்த பிறகுதான் இணங்கினார்கள். அந்தப் பணத்தில் நடைபாதைகள் சீரடைந்தன, விளக்குகள் வந்தன, மக்களும் திரண்டு வந்தார்கள். வாங்குகிற பணம் எங்கே போகிறது என்பது தெரிந்தால், கொடுப்பவருக்கு மனக்கசப்பு ஏற்படுவதில்லை. நம் ஊர்களில் ரசீதைப் பார்த்தாலும் அது தெரிவதில்லை என்பது வேறு விஷயம்.

வண்டியே இல்லாதவரைப் பற்றி இந்த விவாதத்தில் எவரும் பேசுவதில்லை. நடைபாதையை ஸ்கூட்டர்கள் பிடித்துக்கொண்டால், கைக்குழந்தையோடு வரும் தாயும் கோலூன்றி வரும் முதியவரும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில்தான் இறங்கி நடக்க வேண்டும். மாடியில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால், ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் சிறுவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். முள்ளையும் கல்லையும் உதாரணம் காட்டுகிறோமே தவிர, அண்டை வீட்டு வாயிலை மறித்து நிற்கும் நம் மோட்டார் சைக்கிளைக் காட்டுவதில்லை. ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

மண்ணடியிலும் உயர் நீதிமன்றத்தின் அருகிலும் 2019 பிப்ரவரி முதல் மெட்ரோ ரயில் நிற்கிறது. வாங்க வருபவருக்குக் கைநிறையச் சுமை இருக்கும். வண்டி அவருக்குத் தேவைப்படலாம். காலையில் வந்து இரவில் திரும்பும் கடைக்காரருக்கும் பணியாளருக்கும் ரயிலில் வருவதில் என்ன தடை? வியாபாரிகள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், ‘கடை வாசலில் கடைக்காரர் வண்டி நிற்காது’ என்று ஒரு தீர்மானத்தை வைத்துப் பாருங்கள். அரசாணைக்குக் காத்திராமல் அந்த வாரமே தொடங்கக்கூடிய காரியம் அது. வாசகர்களில் சங்கப் பொறுப்பாளர்கள் இருப்பின், கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்று ஒரு கடிதம் எழுதுங்கள். சரக்கு வண்டிகளுக்கு நேரம் ஒதுக்குவது குறித்து அடுத்த மாதம் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.