கந்தலுக்கு விலை தந்த தெரு

வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் 1950களில் வளர்ந்தவர்களைக் கேட்டால், முதலில் அந்தக் கூவலைத்தான் சொல்வார்கள். கந்தலும் எலும்பும் பழைய இரும்பும் எடுக்க வருகிறவரின் குதிரைவண்டி தெருமுனை திரும்பியதும், பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடிக் கிழிந்த கம்பளிச் சட்டையையோ ஓட்டைச் சட்டியையோ தூக்கி வருவார்கள். பதிலுக்குப் பலூன் கிடைக்கும்; சில நாள் தங்கமீன். தாய்மாருக்கு வாசற்படி தேய்க்கும் கல். அந்தக் கட்டியை நனைத்துப் படியின் விளிம்பில் இழுத்தால் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ கோடு விழும். நம் வாசல் கோலம்போல அந்தக் கோட்டில்தான் வீட்டின் மானம் இருந்தது.

பிள்ளைகளுக்கு வேடிக்கை, ஆலைகளுக்கோ அது மூலப்பொருள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ் வரும்வரை காகிதம் பெரும்பாலும் கந்தலிலிருந்தே பிறந்தது. எலும்பு கத்திப்பிடியாகவும் பசையாகவும் உரமாகவும் மாறியது. கம்பளிக் கந்தலின் கதை இன்னும் நெடியது. 1813 வாக்கில் யார்க்‌ஷரின் பாட்லியில் பெஞ்சமின் லா என்பவர் அதை இழை இழையாகப் பிரித்து, புதுக் கம்பளியோடு கலந்து நூற்கும் வழியைக் கண்டார். பாட்லியும் டியூஸ்பரியும் அந்த ‘ஷாடி’ துணியால் வளர்ந்தன. ராணுவச் சீருடைகள்கூட அதில் தைக்கப்பட்டன. ஆலையில் மிஞ்சிய கழிவும் வீண்போகாமல் அக்கம்பக்கத்து ருபார்ப் வயல்களுக்கு எருவானது.

இத்தனையும் யார் முதுகில் ஏறி வந்ததோ அவருக்கு மதிப்பு மட்டும் வரவில்லை. லண்டன் ஏழைகளைப் பற்றி 1851இல் எழுதிய ஹென்றி மேஹ்யூ, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பல மைல் நடந்த எலும்பு பொறுக்கிகளைப் பதிவுசெய்தார். 1962இல் பிபிசி தொடங்கிய, கந்தல் வண்டிக்காரர்களைப் பற்றிய ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ நகைச்சுவைத் தொடரைப் பார்த்து நாடே சிரித்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடமாடும் உலோக வியாபாரிக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ரொக்கம் கொடுத்துப் பழைய உலோகம் வாங்குவதைக் குற்றமாக்கியது. உலோகத் திருட்டைத் தடுக்க அது தேவைதான். ஆனால் தலைமுறைகளாக ஊரின் கழிவைச் சுமந்தவருக்கு நகராட்சியின் மறுசுழற்சிப் பணியில் ஓர் இடத்தையும் சேர்த்தே தந்திருக்க வேண்டும்.

பிரிட்டன் கழிக்கும் துணிகளில் ஒரு பகுதி இன்று கப்பலேறி ஹரியானாவின் பானிபட்டுக்கு வருகிறது. ‘ஷாடி’ இப்போது அங்கே போர்வையாகிறது. குவியல் நடுவே உட்கார்ந்து நிறம் பிரிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மறுசுழற்சிக் கொள்கை எழுதும் அரசுகள் அவர்களின் கூலியிலிருந்தும், அவர்கள் மூச்சில் ஏறும் தூசியிலிருந்தும் தொடங்கட்டும்.