1855ஐயும் எழுதச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய வட மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கு,

பாடசாலை வரலாறு எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் நிறுவிய ஆண்டையும் அதிபர்களின் பெயர்களையும் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். வட்டுக்கோட்டை செமினரி என்றால் 1823. அங்கிருந்து ஒரே தாவலில் யாழ்ப்பாணக் கல்லூரி, 1872. இடையில் ஒரு 1855 கிடக்கிறது. செமினரியை இழுத்து மூடிய ஆண்டு அது.

படிப்பு சரியில்லை என்றா மூடினார்கள்? அமெரிக்க மிஷனின் அந்தப் பள்ளியில் தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாம் நடந்தன. 1829இல் சந்திர கிரகணம் வந்தபோது அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பும் அதிபர் டானியல் பூவரின் கணிப்பும் வேறுபட்டன. பூவரின் கணக்கே பலித்தது. பஞ்சாங்கம் தோற்றது என்று சிரித்துவிட வேண்டாம். பின்னர் அதிபரான ஹொய்சிங்டன் தமிழ் வானநூல் ஒன்றையே படித்து, மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் 1848இல் அச்சிட்டார்.

படிப்புச் செலவைக் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரைப் பையன்களுக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை: அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகம் இந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

மூடியதன் காரணம் வேறு. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் மிஷன் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மிஷனின் தலைமையகமான பொஸ்டனிலிருந்து வந்த அதன் செயலாளர் ரூபஸ் அண்டர்சனுக்கு அது பிடிக்கவில்லை; தாய்மொழிப் படிப்பே போதும் என்றார். சுதேச மொழிக்கு இத்தனை ஆதரவா என்று நாம் கைதட்டிவிட முடியாது. தமிழ் போதும் என்று சொல்வதற்கும் தமிழ் வேண்டும் என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

மூடிச் சில ஆண்டுகளுக்குள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் இந்தச் செமினரிப் பிள்ளைகளாகவே வந்தார்கள்: விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். ஆங்கிலம் கெடுத்தது என்று சொல்லப்பட்ட தாமோதரம்பிள்ளைதான் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். 1872இல் திரும்பத் திறந்ததில் பழைய மாணவரின் முயற்சி பெரிது.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த தவணையில் தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு செயற்றிட்டம் கொடுங்கள்: 1855இல் நீ செமினரியின் பழைய மாணவன், பொஸ்டனுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுது. எந்த மொழியில் எழுதுவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் ஒருவன்