கானில் தண்ணீர் ஓடுகிறதா?

நியூயோர்க்கில் ஒரு மாடி அறை நிறைய மண் கிடக்கிறது. வால்டர் டி மரியா 1977இல் கொட்டி நிரப்பியது. காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளிக்கவும், வாரிச் சமன்செய்யவும், முளைக்கிற காளானைப் பிடுங்கி எறியவும் ஆள் வைத்திருக்கிறார்கள். மண்ணைப் பற்றிய நிறுவல் என்றதும் நம் வகுப்பறைகளில் முதலில் காட்டுகிற படங்களில் அதுவும் ஒன்று. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதைப் பார்த்தால் சுரண்டி ஞாபகம் வரும்.

அந்தக் காலத்துத் துரைமாருக்கு மலை துப்புரவாக இருக்க வேண்டும். தேயிலைத் தூருக்கும் தூருக்கும் நடுவே ஒரு புல் தெரியக்கூடாது. சுரண்டியால் வழித்தெடுத்தார்கள். கூடவே மேல்மண்ணும் வந்தது, மிச்சத்தை மழை ஆற்றில் சேர்த்தது. ஊவாவின் பழைய தேயிலை மலைகளில் மழைநீர்க் கான் வெட்டும்போது பக்கச் சுவரைப் பாருங்கள். கறுத்த மண் பல இடங்களில் நான்கு விரல் கனம்கூட இல்லை. அதற்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே கையால் நொறுக்கக்கூடிய மஞ்சள் உக்கற்கல். மண்ணைக் காட்ட நமக்கு மாடி அறை தேவையில்லை.

இதை எழுதக் காரணம் கொஸ்லந்த. அங்கே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியது. வேலைக்குப் போனவர்களும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் தப்பினார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. 2014க்குப் பிறகு அந்தச் சரிவுக்கென்று நினைவுத் தூண், கொழுந்துக்கூடை வடிவச் சிற்பம், கொங்கிரீட் பார்வைமேடை என்று வரைபடங்கள் எங்கள் மேசைக்கு வந்தபடி இருக்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பார்வைமேடையின் பாரத்தை எந்த மண்மீது ஏற்றுகிறோம்? அந்தச் சரிவே பழைய சரிவுகளில் வந்து தங்கிய கல்லும் களியும் கலந்த குவியல். நீர் உள்ளே இறங்கி, துளைகளில் அழுத்தம் கூடினால், அது மறுபடி நகரும். மழைநீரைக் குறுக்கே வாங்கி ஓடையில் விடுவதற்காகத்தான் தோட்டங்களில் கான் வெட்டினார்கள். ஆட்கூலியை மிச்சம்பிடித்ததில் கான் தூர்ந்த மலைகள் எத்தனை என்று அங்கே வேலை செய்கிற எவரும் விரல்விட்டுச் சொல்வார்கள்.

ஆகவே அந்த மலையில் நிறுவல் என்று ஒன்று வேண்டுமென்றால் அது உழைக்கட்டும். அமெரிக்காவின் செயின்ட் போல் நகரக் குப்பைமேட்டில் மெல் சின் 1991இல் செய்தது அப்படிப்பட்டது. மண்ணிலிருந்து காட்மியத்தையும் துத்தநாகத்தையும் உறிஞ்சும் செடிகளை, ரூபஸ் சேனி என்ற மண்விஞ்ஞானியோடு சேர்ந்து நட்டார். ஜோசப் போய்ஸ் 1982இல் ஜேர்மனியின் காசலில் தொடங்கிய 7000 ஓக் மரங்களில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கருங்கல் நிற்கிறது. கல் அப்படியே இருக்க மரம் அதை மீறி வளர்கிறது. அளவுகோலாக ஒரு கல்.

நம் சரிவுக்கும் அளவுகோல்தான் பொருத்தம். மலைக்குக் குறுக்கே ஒரே நேர்கோட்டில் வர்ணம் பூசிய கட்டைகள். கோடு கோணினால் மலை அசைகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். லயத்து வாசலில் ஒரு மழைமானி, 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற எச்சரிக்கை மட்டங்கள் மூன்று நிறத்தில். 150ஐத் தொட்டால் வீட்டைவிட்டு இறங்க வேண்டியதுதான். கண்காட்சிக்கு இது போதுமா என்று கேட்பவர்கள் மழைக்காலத்தில் ஓர் இரவு லயத்தில் படுத்துப் பார்க்கட்டும்.

சரிந்த தழும்பில் என்ன நடுவது என்றும் கேட்கிறார்கள். சில வருடங்களுக்கு ஒன்றும் நடாமல் பாருங்கள் என்பேன். மானாப்புல் வரும். சிங்களத்தில் கெகில்ல என்கிற பன்னம் பாய்போல் படரும். வெயில் பட்ட இடத்தில் கெடும்ப மரம் தானாக எழும்பும். கெகில்லவை அலங்கோலம் என்று வெட்டித் தள்ளாதீர்கள், மழையின் முதல் அடியை அதுதான் வாங்குகிறது. ஆனால் அதன் அடர்த்திக்குள் மரக்கன்று மேலே வர முடியாது. அடிக்கடி நெருப்பும் பட்டால் காலகாலமாகப் பன்னமாகவே கிடக்கும். அங்கே மட்டும் ஒடுக்கமான கீற்றுகளாகத் திறந்து கன்றுகளை விடலாம். கெட்ட நிலத்தை மறுபடி காடாக்குவதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். மிரஹவத்தைக்குப் பக்கத்தில் பெலிபொலவில் ரணில் சேனநாயக்க 1980களில் தொடங்கிய, இயற்கைக் காட்டின் அமைப்பை ஒத்து வளர்த்த ஒப்புமைக் காடு நிற்கிறது. பதுளை மாவட்டத்திலேயே இருக்கிறது, ஒரு நாளில் போய்வரலாம்.

இறந்தவர்களை நினைவுகூர இடம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த இடம் எது என்பதை உறவினர்கள் சொல்லட்டும், நாம் வரைய வேண்டாம்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்ட பிறகு இந்த வரைபடங்களின் வரத்து இன்னும் கூடும். இந்த இதழ் அவற்றைத் தொடர்ந்து வாங்கும். ஒரு நிபந்தனை: செலவுப் பட்டியலில், ஐப்பசி மழைக்கு முன் வருடா வருடம் கான் துப்புரவாக்கும் ஆளின் சம்பளம் எவ்வளவு, அதை யார் கொடுப்பது என்ற வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத வரைபடத்தை அனுப்பியவருக்கே திருப்பிவிடுவோம்.